ஐந்து பேரின் குறிப்புகளை ஒரே வலையாகக் கட்டுவது எப்படி: ஊர் ஏரியை ஆராயும் குழுக்களுக்கு முழுமையான வழிகாட்டி

செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்து ஏரிகளைப் பற்றித் தகவல் திரட்டும் ஒரு சிறு குழுவில் நானும் இருக்கிறேன். எங்களிடம் தகவலுக்குப் பஞ்சம் இருந்ததே இல்லை. ஒருவரிடம் பெரியவர்களின் பேச்சுப் பதிவுகள், இன்னொருவரிடம் புல வரைபடங்கள், வேறொருவரிடம் பறவைக் கணக்கு. இரண்டு வருஷம் ஆகியும் ஒருவர் சேர்த்தது இன்னொருவருக்கு உதவவில்லை. எல்லாம் வாட்ஸ்அப்பில் மேலே மேலே போய் மறைந்துகொண்டிருந்தது.

அதையெல்லாம் இணைந்த குறிப்புகளாக மாற்றிய பிறகுதான் நாங்கள் ஐந்து பேரும் சேர்ந்து யோசிக்க ஆரம்பித்தோம். பிறகு வேறு மூன்று குழுக்கள் இதைத் தொடங்கும்போது கூடவே இருந்து பார்த்தேன். மூன்றும் கிட்டத்தட்ட ஒரே இடங்களில் தடுமாறின. படிகளின் வரிசை மாறியதுதான் பெரும்பாலும் காரணம். அதனால் இங்கே வரிசைக்கு முக்கியத்துவம் கொடுத்திருக்கிறேன். ஏரிக்குப் பதில் கோயில், நெசவு, நாட்டு விதை என்று எதை எடுத்தாலும் இதே வரிசைதான்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நான்கிலிருந்து ஏழு பேர். மாதம் ஒருமுறை இரண்டு மணி நேரம் நேரில் உட்கார ஒரு இடம். குறிப்புகளை வைக்க ஒரே ஒரு பொது இடம். இவ்வளவு போதும்.

நாங்கள் குறிப்பு எழுதி இணைக்க உதவும் அப்சிடியன் செயலியைப் பயன்படுத்துகிறோம். அதில் ஒவ்வொரு குறிப்பும் சாதாரண எழுத்துக் கோப்பாகவே கணினியில் இருக்கும். நாளைக்குச் செயலியே இல்லாமல் போனாலும் எழுதியது நம்மிடம் இருக்கும், எந்தக் கணினியிலும் திறக்கும். கோப்புறையை கூகுள் டிரைவில் வைத்துப் பகிர்ந்துகொள்கிறோம். கணினி வசதி இல்லாத குழு அஞ்சலட்டை அளவில் அட்டைகளை வெட்டி, மூலையில் எண் போட்டு ஒரு பெட்டியில் வைத்தாலும் சரி. ஜெர்மானிய சமூகவியலாளர் நிக்லாஸ் லூமன் காகிதச் சீட்டுகளை வைத்தே சுமார் 90,000 குறிப்புகளை இணைத்து வைத்திருந்தார்.

எந்தச் செயலி நல்லது என்று ஒரு மாதம் பேசுவதுதான் முதல் தவறு. நான் பார்த்த ஒரு குழு நான்கு செயலிகளைச் சோதித்து முடித்தபோது அவர்களிடம் இருந்தது பதினொரு குறிப்பு. எதையாவது ஒன்றை எடுத்துக்கொண்டு வேலையை ஆரம்பியுங்கள்.

பேசுபவர்களின் சம்மதத்தையும் முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள். பெயர் போடலாமா, குரலைப் பதியலாமா என்று பெரியவர்களிடம் அன்றைக்கே கேட்டுவிட வேண்டும். ஆக்கிரமிப்பு பற்றிய குறிப்பில் புல எண்ணும் அளவும் மட்டும் வரட்டும், ஆள் பெயர் வேண்டாம். பெயர் வந்த மறுநாளே பேச்சு ஏரியை விட்டு ஊர்ச் சண்டைக்குப் போய்விடும்.

2. தலைப்பை எழுதாதீர்கள், கேள்வியை எழுதுங்கள்

'எங்கள் ஊர் ஏரி' என்று தொடங்கினால் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று யாருக்கும் தெரியாது. எல்லாமே பொருத்தமாகத்தான் தோன்றும். நாங்கள் வைத்த கேள்வி: 'ஏரி ஏன் முன்பு போல நிரம்புவதில்லை?' 2015 பெருமழைக்குப் பிறகு எங்கள் ஏரியின் கலிங்கு, அதாவது ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வெளியேறும் இடம், இரண்டே முறைதான் வழிந்திருந்தது. 2021 நவம்பரில் சுற்றுவட்டாரமே மழையில் மூழ்கியபோதுகூட முக்கால் ஏரிதான் நிரம்பியது.

கேள்வி இருந்தால் குறிப்பு எடுப்பவர் கையில் ஒரு சல்லடை இருக்கும். கோயில் திருவிழாவைப் பற்றிப் பெரியவர் சொன்னால், அது தண்ணீரோடு தொடர்புள்ளதா என்று மட்டும் பார்த்தால் போதும். தெப்பம் விடும் நாளுக்கு ஏரியில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று அவர் சொல்லும்போது உடனே பேனாவை எடுத்துவிடுவோம்.

கேள்வியைத் தனிக் குறிப்பாக எழுதி, அதற்கு 'கேள்வி' என்றே தொடங்கும் பெயர் வையுங்கள். வழியில் அது மாறலாம். எங்களுடையது இரண்டு முறை மாறியது. பழையதை அழிக்காமல் அதன் கீழே புதியதைத் தேதியோடு எழுதுங்கள். ஏன் மாறியது என்பதும் ஒரு தகவல்தான்.

3. ஆட்களை அவர்கள் பார்க்கும் வேலையை வைத்துச் சேருங்கள்

ஒரே மாதிரி ஆர்வமுள்ள ஐந்து பேர் சேர்ந்தால் ஒரே குறிப்பு ஐந்து முறை வரும். எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், நில அளவை தெரிந்த ஓர் இளைஞர், பறவை பார்ப்பவர், ஆயக்கட்டில் (ஏரித் தண்ணீர் பாயும் நிலத்தில்) நெல் போடும் ஒரு பெண் விவசாயி, அப்புறம் எழுத்து வேலைக்கு நான். ஒரே கரையில் நடந்தாலும் ஐந்து பேர் கண்ணிலும் ஐந்து விஷயம் படும். வலைக்கு வேண்டியது இந்த வித்தியாசம்தான்.

ஏரியால் பிழைப்பவர் ஒருவராவது உள்ளே இருக்க வேண்டும். இல்லையென்றால் ஊரைப் பற்றி வெளியிலிருந்து பேசும் குறிப்புகள்தான் சேரும்.

4. ஒரு குறிப்பில் ஒரே விஷயம்

புதியவர்கள் ஒரு நேர்காணலை மூன்று பக்கமாக அப்படியே ஏற்றிவிடுவார்கள். மூன்று பக்கத்தோடு எதையும் இணைக்க முடியாது. இணைத்தாலும் அந்த மூன்று பக்கத்தில் எந்த வரிக்காக இணைத்தோம் என்று ஒரு மாதம் கழித்து நமக்கே தெரியாது. முழுப் பதிவு தனிக் கோப்புறையில் கிடக்கட்டும். அதிலிருந்து ஒவ்வொரு விஷயமாகப் பிரித்து, ஐந்தாறு வரியில் சொந்த வார்த்தையில் எழுதுங்கள்.

ஆசிரியர் எழுதிய ஒரு குறிப்பு இது, ஏறத்தாழ அப்படியே தருகிறேன்:

மேல் ஏரிக் கலிங்கை அடைக்கும் நாள்
மேல் ஏரியின் கலிங்கில் நட்டிருக்கும் கற்களுக்கு இடையே மண்ணும் வைக்கோலும் வைத்து அடைத்து நீர்மட்டத்தை உயர்த்துவது வழக்கம். கார்த்திகை தீபம் கழிந்துதான் அடைப்பார்கள். அதுவரை வழியும் தண்ணீர் கீழே நம் ஏரிக்கு வரும். 'அவங்க அடைக்கிற நாள்தான் தம்பி, நம்ம ஏரியோட தலையெழுத்து' என்றார்.
சொன்னவர்: முன்னாள் நீர்க்கட்டி (வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுபவர்), வயது 78. கேட்ட நாள்: 2022-02-13. எழுதியவர்: ஆசிரியர்.

பெயரைக் கவனியுங்கள். 'பெரியவர் நேர்காணல் 3' என்று வைத்திருந்தால் அதைத் திறந்து படித்தால்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். இப்போது பெயரே விஷயத்தைச் சொல்கிறது. சொன்னவர், நாள், எழுதியவர் என்ற கடைசி வரியை எந்தக் குறிப்பிலும் விடாதீர்கள். கேட்டது, கண்ணால் பார்த்தது, ஆவணத்தில் படித்தது மூன்றும் ஒரே எடை உள்ளவை அல்ல. பின்னால் முரண் வரும்போது இந்த வரிதான் கைகொடுக்கும்.

தேதியை எப்போதும் வருஷம், மாதம், நாள் என்று சிறு கோடு போட்டு எழுதுங்கள். சாய்வுக்கோடு, முக்காற்புள்ளி, கேள்விக்குறி போன்றவற்றைக் கோப்பின் பெயரில் பயன்படுத்த முடியாது.

ஒருவர் குறிப்பை இன்னொருவர் திருத்தக்கூடாது என்பது எங்கள் கண்டிப்பான விதி. கருத்து இருந்தால் தனிக் குறிப்பாக எழுதி இணைக்க வேண்டும். பகிர்ந்த கோப்பை இரண்டு பேர் ஒரே நேரத்தில் திருத்தினால் இரண்டு பிரதியாகிவிடும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், திருத்தினால் முதலில் எழுதியவர் பார்த்தது அழிந்துபோகும்.

5. இணைப்பதற்கு முன் சொல் அட்டைகள்

இந்தப் படியைத் தாண்டிப் போன குழு எதுவும் பின்னால் நிம்மதியாக இருந்ததில்லை.

ஏரிக்கு ஊருக்கு ஊர் சொல் வேறு. வட மாவட்டங்களில் ஏரி, சின்னதாக இருந்தால் தாங்கல். மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் கண்மாய். திருநெல்வேலியில் குளம். தண்ணீரைத் திறந்துவிடும் அமைப்பு ஒருவருக்கு மதகு, இன்னொருவருக்கு மடை. கலிங்கைக் கலுங்கு என்றும் சொல்வார்கள். தண்ணீர் பாய்ச்சுபவர் நீர்க்கட்டி, நீர்ப்பாய்ச்சி, கம்புக்கட்டி என்று பல பெயரில் வருவார். அலுவலகக் கடிதத்தில் இவை எல்லாமே வேறு மாதிரி எழுதியிருக்கும்.

ஐந்து பேர் ஐந்து சொல்லில் எழுதினால் ஒரே பொருளைப் பற்றிய குறிப்புகள் ஒன்றையொன்று பார்க்காமலே கிடக்கும். அதனால் முதல் கூட்டத்திலேயே இருபது, முப்பது சொல்லுக்கு அட்டை போடுங்கள். ஒவ்வோர் அட்டையிலும் நாம் பயன்படுத்தப் போகும் சொல், மற்றப் பெயர்கள், இரண்டு வரி விளக்கம், முடிந்தால் ஒரு படம். அப்சிடியனில் ஒரு குறிப்புக்கு மாற்றுப் பெயர்கள் கொடுக்கும் இடம் உண்டு. கலுங்கு என்பதை அங்கே சேர்த்துவிட்டால், யாராவது கலுங்கு என்று தட்டினாலும் கலிங்கு அட்டையே வந்து நிற்கும்.

ஒரே சொல் என்று தோன்றுவதை எல்லாம் ஒன்றாக்கிவிடவும் கூடாது. எங்கள் இளைஞர் வரத்துக்கால், பாசனக்கால் இரண்டையும் 'கால்வாய்' என்று ஒரே அட்டையில் போட்டுவிட்டார். ஒன்று ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவருவது, மற்றது ஏரியிலிருந்து வயலுக்குக் கொண்டுபோவது. மூன்று மாதம் கழித்து இருபது குறிப்புகளைத் திரும்பப் பிரிக்க வேண்டியிருந்தது. சந்தேகம் இருந்தால் தனித்தனி அட்டையாகவே விடுங்கள். பின்னால் சேர்ப்பது எளிது, பிரிப்பது கஷ்டம்.

6. இணைப்புக்குப் பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். இரண்டு குறிப்புகளைச் சேர்ப்பது கோடு அல்ல. அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் நீங்கள் எழுதும் வாக்கியம்.

அப்சிடியனில் இணைப்பது சுலபம். இரட்டைச் சதுர அடைப்புக்குள் குறிப்பின் பெயரைப் போட்டால் முடிந்தது. அதனாலேயே புதியவர்கள் கண்ணில் பட்டதையெல்லாம் இணைத்துவிடுகிறார்கள். இணைப்புகளைச் செயலி படமாகக் காட்டும் பக்கத்தைத் திறந்தால் புள்ளிகளும் கோடுகளுமாக நட்சத்திர மண்டலம் போல அழகாக இருக்கும். அதைப் பார்த்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. 'ஏரி' என்ற அட்டையோடு எல்லாக் குறிப்பும் சேர்ந்திருந்தால் எதுவும் எதோடும் சேரவில்லை என்றுதான் பொருள்.

எங்கள் விதி: ஒவ்வோர் இணைப்புக்கும் 'ஏனென்றால்' என்று தொடங்கும் ஒரு வாக்கியம். அது வரவில்லை என்றால் அந்த இணைப்பு வேண்டாம்.

நடந்ததைச் சொல்கிறேன். ஆசிரியரின் குறிப்பை மேலே பார்த்தீர்கள். இளைஞர் அதே மாதத்தில் தனியாக எழுதியிருந்த குறிப்பு: 'மேல் ஏரிக் கலிங்கில் கற்களுக்கு இடையே சிமெண்ட் பூசியிருக்கிறது. உயரம் ஒன்றேகால் அடி.' பறவை பார்ப்பவர் எழுதியது: 'மேல் ஏரி உள்வாயில் (கரைக்கு உள்ளே தண்ணீர் தேங்கும் பரப்பில்) நிற்கும் கருவேல மரங்களின் அடியில் சித்திரையிலும் தண்ணீர் நிற்கிறது. நீர்க்காகங்களும் நத்தைகுத்தி நாரைகளும் இன்னும் போகவில்லை. நான்கைந்து வருஷத்துக்கு முன் இந்த நேரத்தில் தரை வெடித்திருக்கும்.'

மூன்று பேரும் வேறு வேறு விஷயத்தைத்தான் எழுதினார்கள். ஆசிரியருக்கு அது வழக்கம், இளைஞருக்குக் கட்டுமானம், மூன்றாமவருக்குப் பறவை. மூன்றுக்கும் பொதுவாக இருந்த சொல் 'மேல் ஏரி' மட்டுமே. வெறும் கோடு போட்டிருந்தால் அதோடு முடிந்திருக்கும். 'ஏனென்றால்' எழுத உட்கார்ந்தபோது வந்த வாக்கியங்கள் இவை:

ஆசிரியர் குறிப்பிலிருந்து இளைஞர் குறிப்புக்கு: 'ஏனென்றால் முன்பு கார்த்திகைக்குப் பிறகு மட்டும் மண்ணால் அடைத்ததை இப்போது வருஷம் முழுவதும் சிமெண்ட் அடைக்கிறது.'

இளைஞர் குறிப்பிலிருந்து பறவைக் குறிப்புக்கு: 'ஏனென்றால் ஒன்றேகால் அடி உயர்ந்த தண்ணீர் எங்கே போய் நிற்கிறது என்பதை நாரைகள் காட்டுகின்றன.'

இரண்டாவது வாக்கியத்தை எழுதியதும் அறையில் இருந்த எல்லோரும் ஒரு நிமிடம் பேசவில்லை. இரண்டு வருஷமாக மழை குறைவு, வரத்துக்கால் தூர்ந்தது என்று பேசிக்கொண்டிருந்தோம். பதில் மூன்று பேர் பைகளில் துண்டுதுண்டாக இருந்திருக்கிறது.

இணைப்புகள் எல்லாம் ஒரே வகை அல்ல. 'இதனால் அது நடக்கிறது', 'இது அதை மறுக்கிறது', 'இதுவும் அதுவும் ஒரே கேள்விக்கு இரண்டு விடை', 'இது அதற்கு உதாரணம்' என்ற நான்கும்தான் எங்களுக்கு அடிக்கடி வருகின்றன. மூன்றாவது வகைக்கு ஓர் எடுத்துக்காட்டு. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் உள்ள முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஏரியைக் கவனிக்கும் குழுவான ஏரி வாரியத்துக்கு 6 பேரைக் குடவோலையில் எடுத்ததும், பதவிக்காலம் 360 நாள் என்பதும், முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியம் செய்தவர் மறுபடி வரக்கூடாது என்பதும் அவற்றில் இருக்கின்றன. இந்தக் குறிப்பை, தமிழ்நாட்டில் பாசன மேலாண்மையை விவசாயிகளிடம் தருவதற்கு 2000-ல் வந்த சட்டத்தின் கீழ் அமைந்த நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் பற்றிய குறிப்போடு இணைத்தோம். 'ஏனென்றால் ஏரிக்கு யார் பொறுப்பு என்ற ஒரே கேள்விக்கு ஒன்று சீட்டுக் குலுக்கலையும் மற்றது வாக்கெடுப்பையும் விடையாகத் தருகிறது.' அந்தக் காலத்திலேயே இருந்தது என்று பெருமைக்காக மட்டும் இணைத்திருந்தால் அங்கிருந்து ஓர் அடிகூட நகர்ந்திருக்க முடியாது.

7. தமிழில் எழுதும்போது வரும் சிக்கல்கள்

இந்தச் செயலிகளைப் பற்றிய விளக்கங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வேலை செய்பவர்கள் எழுதியவை. தமிழில் வரும் தொல்லைகள் அவற்றில் இருக்காது.

முதலாவது வேற்றுமை உருபு. அட்டையின் பெயர் 'கலிங்கு'. எழுதும்போது கலிங்கில், கலிங்கை, கலிங்கின் என்றுதான் வரும். புதியவர்கள் 'கலிங்கில்' என்பதையே அடைப்புக்குள் போட்டுவிடுவார்கள், அந்தப் பெயரில் புதிதாக ஒரு வெற்று அட்டை பிறந்துவிடும். சரியான முறை: [[கலிங்கு|கலிங்கில்]]. நேர்கோட்டுக்கு முன்னால் அட்டையின் பெயர், பின்னால் வாக்கியத்தில் தெரிய வேண்டிய வடிவம். இதே காரணத்தால், இணைக்காமல் விட்ட இடங்களைச் செயலி தானாகக் காட்டும் வசதியையும் தமிழில் நம்பிவிடாதீர்கள்.

இரண்டாவது தேடல். 'குளம்' என்று தேடினால் 'குளத்தில்' வராது. 'ஆறு' என்று தேடினால் 'ஆற்றில்' வராது. மாறாமல் நிற்கும் பகுதியைத் தேட வேண்டும்: 'குள', 'ஆற'. வேண்டாததும் சேர்ந்து வரும், பரவாயில்லை. ஒற்றும் இப்படித்தான். நீர்வரத்துக் கால்வாய், நீர்வரத்து கால்வாய் இரண்டும் கணினிக்கு வேறு வேறு. அதனால் அட்டைப் பெயர்களை முடிந்தவரை ஒரே சொல்லாக வையுங்கள்.

மூன்றாவது கண்ணுக்குத் தெரியாத பிழை. 'வௌவால்' என்பதை நிறையப் பேர் ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக் கொம்பும் ளகரமும் போட்டு 'வெளவால்' என்று தட்டுகிறார்கள். திரையில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். எங்கள் வௌவால் குறிப்புகள் ஒரு வருஷம் இரண்டு கூட்டமாகப் பிரிந்து கிடந்தன. பழைய ஆவணங்களில் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டியதை அப்படியே ஒட்டினால் புரியாத ஆங்கில எழுத்துகளாக வரும். யூனிகோடுக்கு மாற்றி, ஒருமுறை வாசித்துப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள்.

அட்டைப் பெயரை மாற்ற வேண்டுமானால் செயலிக்குள்ளிருந்தே மாற்றுங்கள். வெளியே கோப்புறையில் மாற்றினால் அதோடு சேர்ந்த இணைப்புகள் எல்லாம் அறுந்துவிடும்.

8. முரணைத் தீர்க்க அவசரப்படாதீர்கள்

மூன்று குறிப்புகள் சேர்ந்ததும் எங்களுக்குக் கோபம்தான் வந்தது. மேல் ஊர்க்காரர்கள் நம் தண்ணீரைத் தடுத்துவிட்டார்கள் என்று மனு எழுதக்கூட உட்கார்ந்துவிட்டோம். குழுவில் இருந்த விவசாயி அக்காதான் நிறுத்தினார். 'அவங்ககிட்டயும் ஒருவாட்டி கேட்டுட்டு எழுதலாமே' என்றார்.

அவரே போய்க் கேட்டு வந்து எழுதிய குறிப்பு: 'மேல் ஏரியில் வண்டல் ஏறிவிட்டது. முன்பு ஆள் முழுகிய இடத்தில் இப்போது இடுப்பளவுதான் ஆழம். கலிங்கை உயர்த்தாவிட்டால் அவர்களுக்கு ஒரு போகத்துக்கே தண்ணீர் எட்டாது.' கலிங்கை உயர்த்தியதால் உள்வாய் ஓரம் சில பட்டா நிலங்களும் மூழ்குகின்றன, அந்த ஊருக்குள்ளேயே அதில் தகராறு இருக்கிறது என்றும் எழுதியிருந்தார்.

இப்போது இரண்டு குறிப்புகள் நேர் எதிராக நின்றன. இந்த இடத்தில்தான் குழுக்கள் வாக்கெடுப்பு நடத்தி ஒன்றை அழிக்கும். அழிக்காதீர்கள். 'முரண்' என்று தொடங்கும் பெயரில் மூன்றாவது குறிப்பு ஒன்று போட்டு, இரண்டையும் அதில் இணைத்து, இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்க வேண்டும் என்றால் வேறு என்ன உண்மையாக இருக்க வேண்டும் என்று எழுதிப் பாருங்கள். எங்கள் விடை: கலிங்கின் உயரம் விளைவு, வண்டல்தான் காரணம். அத்தோடு கேள்வியே மாறியது. 'ஏரி ஏன் நிரம்புவதில்லை' என்பதன் கீழே 'மேல் ஏரியில் எவ்வளவு வண்டல் சேர்ந்திருக்கிறது' என்று எழுதினோம்.

9. நுழைவுக் குறிப்பைத் தாமதமாகப் போடுங்கள்

முதல் நாளே வரலாறு, நீரியல், உயிரினம், சட்டம் என்று கோப்புறை பிரிப்பவர்கள் உண்டு. கலிங்குச் சிமெண்ட் நீரியலா, சட்டமா? எதில் போட்டாலும் மற்றதிலிருந்து மறைந்துவிடும். எல்லாக் குறிப்பும் ஒரே கோப்புறையில் இருக்கட்டும்.

ஐம்பது குறிப்புகள் சேர்ந்த பிறகு, எங்கே கூட்டம் கூடுகிறது என்று பாருங்கள். அங்கே ஒரு நுழைவுக் குறிப்பு போடுங்கள். அது பட்டியலாக இருக்க வேண்டியதில்லை. புதிதாக வருபவரிடம் 'முதலில் இதைப் படியுங்கள், பிறகு இதைப் பாருங்கள், இந்த இடத்தில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது' என்று சொல்வது போல அரைப் பக்கம் போதும். லூமன்கூடத் தன் சொல்லடைவில் ஒரு சொல்லுக்கு ஒன்றிரண்டு சீட்டுகளின் எண்ணை மட்டுமே எழுதினார். வாசலைக் காட்டினால் போதும், அங்கிருந்து இணைப்புகள் அழைத்துப் போகும்.

10. மாதக் கூட்டம்

கூட்டம் நின்றால் வலை கிடங்காகிவிடும். எழுதுவதைத் தனியாகச் செய்யலாம், இணைப்பதைச் சேர்ந்துதான் செய்ய வேண்டும். ஆளுக்கு இரண்டு குறிப்புகளைக் காகிதத்தில் அச்சிட்டு எடுத்து வருகிறோம். அவை தன்னுடையவையாக இருக்கக்கூடாது, இன்னொருவர் எழுதியதாக இருக்க வேண்டும். அதைச் சத்தமாகப் படித்து, தனக்குத் தெரிந்த எதோடு அது சேரும் என்று சொல்ல வேண்டும். தன் குறிப்பைத் தானே படித்தால் நினைவில் இருப்பதைத்தான் சொல்வோம். அடுத்தவர் குறிப்பைப் படிக்கும்போது 'இது என்ன?' என்று நிற்போம். அந்த இடத்தில்தான் இணைப்பு பிறக்கும்.

கூட்டத்தில் விவாதம் சூடாகும்போது யாராவது ஒருவர் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். முறை வைத்துக்கொள்ளுங்கள். கைபேசியில் வரும் குரல் செய்திகளையும் அந்த மாதத்துக்காரரே குறிப்பாக்கி ஏற்றட்டும். எல்லோரும் ஏற்றலாம் என்று விட்டால் யாரும் ஏற்ற மாட்டார்கள்.

11. வலையிலிருந்து ஒன்றை எழுதி, சொன்னவர்களிடமே கொண்டுபோங்கள்

நூறு குறிப்புகள் வருவதற்கு முன்பே எதையாவது எழுதி முடியுங்கள். ஒரு மனு, ஒரு துண்டறிக்கை, பள்ளிச் சுவருக்கு ஒரு வரைபடம், எதுவானாலும் சரி. எழுதும்போதுதான் எந்த இணைப்பு இற்றுப்போனது என்று தெரியும். குறிப்புகளை வரிசையாக அடுக்கி, 'ஏனென்றால்' வாக்கியங்களை இடையில் வைத்தால் முதல் வரைவு பாதி முடிந்துவிடும். தொடர்ச்சி அறுகிற இடம் நாம் இன்னும் கேட்காத கேள்வி.

ஆவணங்களை இந்தக் கட்டத்தில்தான் தேடிப் போங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேடு (நில விவரப் பதிவேடு), புல வரைபடம், அடங்கல் (பயிர்க் கணக்கு) என்று எல்லாவற்றையும் முதல் மாதமே கேட்டால் எதைப் பார்ப்பது என்று நமக்கே தெரியாது. எந்தப் புல எண், எந்த ஆண்டு என்று தெரிந்து போனால் அவர்களுக்கும் எடுத்துக்கொடுப்பது எளிது. எந்த அலுவலகம் என்பதையும் முன்பே பாருங்கள். 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரி அரசின் நீர்வளத் துறையிடம் இருக்கும், அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திடம். எங்கள் மேல் ஏரியும் கீழ் ஏரியும் வேறு வேறு கையில் இருந்தன. ஒரே மனுவை இரண்டு இடத்தில் கொடுக்க வேண்டியிருந்தது.

மேல் ஊர்க்காரர்கள் மீது எழுத உட்கார்ந்த மனு, கடைசியில் இரண்டு ஊரும் சேர்ந்து மேல் ஏரியில் வண்டல் எடுக்க அனுமதி கேட்கும் மனுவாக மாறியது. கொடுப்பதற்கு முன் அதை முன்னாள் நீர்க்கட்டியிடம் கொண்டுபோய், திண்ணையில் உட்கார்ந்து வரிவரியாகப் படித்துக் காட்டினோம். பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார்.

'தீபம் கழிஞ்சி அடைக்கிறதுன்னு எழுதியிருக்க. அது மழை நல்லா பேஞ்ச வருஷத்துக்கு. மழை தப்பின வருஷம் ரெண்டு ஊரும் கூடிப் பேசி நாள் வைப்பாங்க.'

நாங்கள் எழுதி வைத்திருந்த எதிலும் இது இல்லை. இரண்டு ஊரும் கூடிப் பேசிய ஒரு முறை முன்பே இருந்திருக்கிறது. இப்படி ஒரு திருத்தம் வந்தால் பழைய குறிப்பை அழிக்காமல் புதிய குறிப்பாக எழுதி, 'ஏனென்றால்' வாக்கியத்தோடு இணைத்து, அன்றிரவே ஏற்றிவிடுங்கள். நாங்கள் திண்ணையை விட்டு எழுந்திருப்பதற்கு முன்பே ஆசிரியர் எழுத ஆரம்பித்துவிட்டார். பெயர்: மழை தப்பிய வருஷம் இரண்டு ஊரும் கூடி நாள் வைப்பது.